மூன்று கார்களும் ஒரு பெயரும்

அன்பு மகனுக்கு,

பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் உன் வீட்டு வாசலுக்கு வந்துவிடக்கூடிய அம்மா எழுதுகிறேன். இதே பலெர்மோவில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன பிடித்தது என்று நீ சிரிப்பாய். சிரி. நேரில் வந்தால் நான் சொல்ல மாட்டேன். உன் முகத்தைக் கண்டதும் சாப்பிட்டாயா, ஏன் இப்படி மெலிந்துபோனாய் என்று கேட்டு, கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஏழு வருடமாக அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது உன் முகம் எதிரே இருக்காது என்பதால்தான் இந்தப் பேனையைக் கையில் எடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணக் கார்டுகளோடு வந்தாய். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் எடுத்திருக்கும் வீட்டைப் பற்றிச் சொன்னாய், நீ வேலை செய்யும் உணவகத்துக்கு அது எவ்வளவு கிட்ட என்று சொன்னாய். பிறகு கார்க் கதைக்கு வந்தாய். கல்யாணத்துக்குப் பிறகு மருமகளின் தம்பிமார் இரண்டு பேரும் உன்னோடுதான் இருக்கப் போகிறார்கள், ஆளுக்கொரு கார் வேண்டும், அவர்களுக்கு இன்னும் விசாக் கடதாசி சரிவரவில்லை, ஆகையால் மூன்று காரையும் உன் பெயரில் பதிந்து ஒரே இன்ஷுரன்ஸ் பொலிசியில் போடப்போகிறாய், வருகிற திங்கட்கிழமை கையெழுத்து. "தனித்தனியாப் போட்டால் வீண் செலவு அம்மா. நீங்களும் ஒரு காலத்திலை அப்பிடித்தானே வைச்சிருந்தனீங்கள்" என்றாய். அதே வாயால் அடுத்த கதையும் வந்தது. குணம் சித்தப்பாவுக்குக் கார்டு அனுப்ப விலாசம் இல்லை என்று சொல்லிவிட்டு, மூலையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்க்காமலே, "அவர்தானே வீட்டாலை கலைச்சு விட்டவர்" என்றாய். அப்பா நிமிரவில்லை. நான் தேத்தண்ணி போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம், தம்பி. காருக்கு ஒரு பயம், சித்தப்பா கதைக்கு ஒரு பயம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஒரே பொலிசியில் மிச்சம் உண்டா என்றால், ஓம், உண்டு. அதை மறைக்க மாட்டேன். புதிதாக வந்தவன் தனியாகக் காருக்கு இன்ஷுரன்ஸ் போட்டால் அவனைக் கடைசிப் படியில் நிறுத்தி ஆகக்கூடிய கட்டணம் வாங்குவார்கள். ஒரே ஆளின் பெயரில் மூன்று கார் வந்தால் ஏஜென்டும் இறங்கி வருவார். அந்த நாளில் எங்கள் வீட்டில் நகரசபை விலாசப் பதிவு இருந்தது எனக்கு மட்டும்தான். முதலில் இந்த ஊருக்கு வந்தவள் நான், என்னைப் பதிந்துவிட்டவர் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா. அப்பாவுக்கு அலுவல் இழுபட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. சிஞ்ஞோராவின் மருமகன் இன்ஷுரன்ஸ் ஏஜென்ட். இந்த ஊரில் எல்லாம் ஆளைப் பிடித்துத்தானே நடக்கும், அவரிடமே போனோம். இப்படித்தான், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான் மூன்று காருக்குச் சொந்தக்காரி ஆனேன். அப்பா என்னை "கொம்பனி முதலாளி" என்று பகிடி பண்ணுவார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

வெள்ளைக் கார் அப்பாவினுடையது. நீலக் கார் சித்தப்பாவினுடையது. விடிய கபோ சந்தையில் மரக்கறி ஏற்றி உணவகங்களுக்குக் கொடுப்பார், அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. பச்சைக் கார் மனைவியோடு எங்கள் வீட்டில் அறை எடுத்திருந்த மொரீஷியஸ்காரருடையது. தேவாரம் முழுவதும் பாடமாகப் பாடுவார், தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது, உனக்கு நினைவிருக்கும். ஏஜென்ட் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே வீடா, ஒரே குடும்பமா என்று கேட்டார். ஒரே சட்டியில் சோறு, ஒரே பானையில் தண்ணீர், வேறென்ன குடும்பம்? ஓம் என்றேன். ஓட்டுகிற எல்லாரிடமும் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் மினிவான் ஓட்டினவர், அவரிடம் இல்லாத லைசென்ஸா? அதற்கும் ஓம் என்றேன். அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது, மாற்றி எடுக்க வேண்டும், மாற்ற வேண்டுமானால் முதலில் விலாசப் பதிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்சம் தெரிந்தும் இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அந்த மேசையில்தான்.

மிச்சம் வந்தது முதல் மாதம். இரண்டாம் மாதம் பயம் வந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், என் மடியில் மூன்று கார் இருந்தன. அந்த வருடங்களில் பலெர்மோ எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். மாபியாக் குண்டுகளுக்குப் பிறகு தெருமுனைகளில் இராணுவம் துவக்கோடு நின்றது. இந்த ஊர்ச் சனம் அவர்களுக்குக் கோப்பி கொடுத்துக் கதைத்துக்கொண்டு நிற்கும். நானோ சென்றிக் காவலைக் கண்டால் அடுத்த தெருவால் சுற்றிப் போவேன், அந்தப் பயம் நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது. மறிக்கப்படுகிற ஒவ்வொரு காரும் என்னுடையது என்றே நினைப்பேன். சிஞ்ஞோராவின் வீட்டில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டு நிற்கும்போது அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வெள்ளை எங்கே, நீலம் எங்கே, பச்சை எங்கே என்று மனம் ஓடும். இரண்டு தடவை சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பைக் கருக்கினேன். போகிற இடத்தில் இறங்கியதும் டெலிபோன் எடுக்கச் சொல்லி மூன்று ஆம்பிளைகளையும் அரித்தேன். நீ அப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீயே எனக்குப் பழமொழி சொன்னாய். உனக்கு வயது பதினைந்து, அதை உனக்குப் பழக்கியவரும் சித்தப்பாதான்.

இனி எழுதுவதை நீ மெதுவாக வாசிக்க வேண்டும். அது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு லீவு. நீ கூட்டாளிகளோடு பந்து விளையாடப் போயிருந்தாய். அப்பா வேலையில். சித்தப்பா கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்து நின்றார். நெற்றி வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. ஒரேத்தோ வீதியில் திரும்பும்போது ஸ்கூட்டரில் வந்த ஒரு ரொட்டிக் கடைக்காரரை மோதிவிட்டார், அந்த மனிதருக்குக் கால் முறிந்துவிட்டது. ஓடி ஒளியவில்லை உன் சித்தப்பா. அந்த மனிதரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டு, பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அவர் வாசலில் நின்று, "அண்ணி, ஒருத்தரை அடிச்சுப்போட்டன்" என்றதும் நான் அவரை இருக்கச் சொல்லவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்.

"என்ரை பேரைச் சொன்னியோ?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லை அண்ணி. என்ரை கார் எண்டுதான் சொன்னனான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அடுத்த கணமே, கார்க் கடதாசியில் என் பெயர்தானே இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை ஏஜென்டிடம் ஓடினேன். காலுடைந்த மனிதருக்குக் கொம்பனி கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும், ஆனால் ஓட்டினவரிடம் செல்லுபடியான லைசென்ஸ் இல்லாதபடியால் கொடுத்ததைக் கார்ச் சொந்தக்காரியிடம் திருப்பிக் கேட்கும் என்றார். லைசென்ஸ் இல்லாதவனுக்குக் காரைக் கொடுத்தவளும் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் விளங்கிக்கொண்டது வேறு. எனக்கு அடுத்த மாதம் வதிவிட அனுமதி, பெர்மெஸோ, புதுப்பிக்க வேண்டும். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கொம்பியூட்டரில் என் பெயரைத் தட்டினால் இந்த விபத்து வரும், பெர்மெஸோவைப் பறிப்பார்கள், என்னோடு நீயும் அப்பாவும் போக வேண்டிவரும், உன்னைப் பிளேன் ஏற்றி யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் திருப்பி அனுப்புவார்கள். பஸ்ஸில் வரும் வழியிலேயே உன் பிரேதம்வரைக்கும் நான் யோசித்து முடித்துவிட்டேன். பயந்தவளின் கணக்கு அப்படித்தான் போகும், இடையில் எங்கும் நிற்காது.

சனிக்கிழமை காலை நீ பள்ளிக்கூடம் போனபிறகு, அப்பாவும் வேலைக்குப் போனபிறகு, நான் சித்தப்பாவிடம் சொன்னேன். "இண்டைக்கே வெளிக்கிடு குணம். நீ இஞ்சை இருந்தால் அவங்கள் தேடி வருவாங்கள். என்ரை பெர்மெஸோ போகும், பெடியன்ரை வாழ்க்கையும் போகும்." அவர் எதிர்த்துக் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. உடுப்பை ஒரு பையில் அடுக்கினார். பிறகு வந்து, "பெடியன் வந்தாப்பிறகு அவனிட்டை ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போறனே அண்ணி" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நீ அழுவாய், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், யாராவது வந்து கேள்வி கேட்பார்கள் என்று எனக்குப் பயம். அவர் தலையாட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். நீ பள்ளிக்கூடத்தால் வந்து அவருடைய கட்டிலைப் பார்த்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அன்று பின்னேரம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் என்ரை தம்பியெல்லோ" என்றார். பிறகு நீ அவர் முன்னால் வந்து நின்று, சித்தப்பா எங்கே, ஏன் சொல்லாமல் போனார் என்று கத்தினாய். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நான்தான் போகச் சொன்னனான்" என்றார். அவ்வளவுதான். அன்றோடு நீ அவரை அப்பா என்று கூப்பிடுவதை விட்டாய். முதலில் பேசாமல் இருந்தாய், பிறகு "அவர்" என்றாய், இன்றைக்கும் "அவர்"தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பெடியனுக்குத் தகப்பனிலை கோவம் வந்தால் சமாளிப்பான். தாயிலை வந்தால் எங்கை போவான்" என்றார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

இவ்வளவு செய்தேனே, நான் பயந்தது ஏதாவது நடந்ததா? குவெஸ்தூராவில் வரிசையில் நின்று என் முறை வந்தபோது பழைய பெர்மெஸோவை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெலிந்துவிட்டாய் என்றார். முத்திரையைக் குத்தினார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அந்த ரொட்டிக் கடைக்காரருக்குக் கால் சுகமாகி, பிறகு நானே அவரை ஒரேத்தோவில் மாமூட்டை தூக்கிக்கொண்டு நடந்துபோகக் கண்டேன். வந்ததெல்லாம் கொம்பனியின் கடிதம்தான், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு. அதைக் கட்ட அப்பா பகல் வேலையோடு சேர்த்து, இப்போது நீ இருக்கப்போகிற அதே ஸ்ஃபெர்ராகவால்லோவில் இரண்டு வருடம் இராத்திரியில் உணவகக் கோப்பை கழுவினார். உன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் அவர் பிந்தி வருகிறார் என்று நீ அப்போது உன் கூட்டாளியிடம் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டும் சும்மா இருந்தேன். ஒரு கார் மோதினதற்கு மூன்று காருக்கும் கட்டணம் ஏறியது. குற்றம் செய்யாத மொரீஷியஸ்காரரும் கூடக் கட்டினார், அடுத்த மாதம் மனைவியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். பொலிசி ஒன்றாக இருந்தால் தலைவிதியும் ஒன்றாகிவிடும் என்று அந்த ஏஜென்ட் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன், திங்கட்கிழமை அந்தக் கையெழுத்தை வைக்காதே. தம்பிமார் முதலில் கடதாசி எடுக்கட்டும், லைசென்ஸை மாற்றட்டும், பிறகு அவரவர் கார் அவரவர் பெயரில் இருக்கட்டும். அதுவரைக்கும் பஸ்ஸில் போகட்டும், பஸ்ஸில் போனவன் குறைந்துபோனதில்லை. செலவு கூடத்தான். கூடினால் கூடட்டும். உன் உணவகத்தில் போன வருடம் ஒரு தட்டு அடுக்கு முழுவதும் விழுந்து உடைந்தபோது, முதலாளி குசினிக்குள் எட்டிப் பார்க்க முன்னமே "நானில்லை" என்று நீ கத்தினதை நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். எல்லாரும் சிரித்தோம். நான் அன்று படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கும் நடையும் உனக்கு அப்பாவைப் போல. பயம் என்னுடையது. உன் மனைவியின் தம்பி ஒருநாள் உன் வாசலில் வந்து நின்று "அத்தான், அடிச்சுப்போட்டன்" என்று சொன்னால் உன் வாயிலிருந்து முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு உன் மனைவி உன்னோடு எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்பதையும் யோசி. என்னோடு ஒரு மனிதர் நடத்தினார், அதற்கு அவர் மகனை விலையாகக் கொடுத்தார். எல்லாரும் உன் அப்பா ஆக மாட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சித்தப்பா பிரான்சில் இருக்கிறார். கல்யாணம் செய்து ஒரு பெண் குழந்தையும் இருக்கிறதாம். போன வருடம் கோயிலில் ஒரு பிள்ளை அவருடைய டெலிபோன் இலக்கத்தைக் கொண்டுவந்து தந்தாள், அண்ணியிடம் கொடு என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டவர் சித்தப்பாதான். நான் அப்பாவுக்குக்கூடக் காட்டவில்லை. இரண்டு தடவை தெருவில் இருக்கும் டெலிபோனில் கார்டைப் போட்டு எடுத்தேன். இரண்டு தடவையும் அவர் "ஹலோ" என்றார், இரண்டு தடவையும் நான் வைத்துவிட்டேன். அந்த இலக்கத்தைத் தனித் துண்டில் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நீ எடு, கல்யாணத்துக்கு வரச் சொல்லு. அன்றைக்கு அவர் உன்னிடம் சொல்லிவிட்டுப் போக நின்றதும், நான்தான் விடவில்லை என்பதும் உனக்கு இப்போது தெரியும் என்று அவருக்குச் சொல்லு.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "அனுப்பாதையும். கலியாணம் முடியட்டும். இவ்வளவு நாளும் இருந்தனான், இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன" என்றார். அவர் வேலையால் வரமுன் இதைத் தபாற்பெட்டியில் போட்டுவிட வேண்டும். வந்து மறித்தால் நான் சந்தோஷமாக மறிபட்டுப் போவேன், என்னை எனக்குத் தெரியும்.

வாசித்து முடிந்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். இனி அதை அவரிடம் கொண்டுபோகாதே, அவருக்குச் சேர வேண்டியது அது இல்லை. என்னிடம் கொண்டுவா. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, நாள் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். நீ கதவைத் தட்டும்போது எனக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் திறப்பேன்.

அம்மா